பாயிரமும் பணியும்: மெய்வரலாறு எழுதுவோர் தம் எழுத்தைக் குறித்துக் கூறுவன

தமிழ் வழக்கில் ‘கதை’ என்னும் சொல் இருமுகம் கொண்டது. ‘கதை கட்டுகிறான்’, ‘கதை விடுகிறான்’ என்னும்போது அது பொய்யைக் குறிக்கிறது. ‘என் கதையைக் கேட்பார் யார்?’ என்று ஒரு தாய் புலம்பும்போதோ, அதே சொல் அவள் வாழ்வின் முழு உண்மையையும் தாங்கி நிற்கிறது. திருச்சபையின் அருளுரை மேடை இவ்விரு முகங்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. அங்கிருந்து ஞாயிறுதோறும் நிகழ்ச்சிகள் எடுத்துரைக்கப்படுகின்றன, சாட்சிகள் கூறப்படுகின்றன, தொண்டர்களின் வாழ்க்கைகள் நினைவுகூரப்படுகின்றன. கேட்போர் கண்ணீர் விடுகின்றனர். ஆனால் சொல்லப்பட்டது நடந்ததா, சொல்வோர் அதை எங்ஙனம் அறிந்தார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

கற்பனையின்றி உண்மை வாழ்க்கைகளை எழுதியோர் தம் பணியைக் குறித்துத் தாமே கூறியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மெய்வரலாற்றின் ஆற்றல் அதன் நடையழகினின்று மட்டும் பிறப்பதன்று. எழுதுவோன் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பினின்று பிறப்பது. அப்பொறுப்பை அவன் அறிக்கையிடும் இடமே முன்னுரை.

1. பாயிரம் என்னும் மரபு

நூலின் முகப்பில் எழுத்தாளர் தம் பணியை விளக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டியவற்றை எட்டாக வகுத்தார். நூலின் பெயர், செய்தவர் பெயர், அது நுவலும் பொருள், அமைந்த யாப்பு, வழங்கும் எல்லை, வந்த வழி, கேட்போர், விளையும் பயன் என்பன அவை. நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரமின்றி நூலாகாது என்பது பழைய இலக்கணிகளின் துணிபு.

இவ்வெட்டனுள் இறையியல் மாணவர் சிறப்பாகக் கருதத்தக்கவை மூன்று. ‘வழி’ என்பது இச்செய்தி யாரிடமிருந்து எனக்கு வந்தது என்னும் வினாவுக்கு விடை. ‘கேட்போர்’ என்பது யாருக்காகச் சொல்கிறேன் என்பதற்கு விடை. ‘பயன்’ என்பது எதற்காகச் சொல்கிறேன் என்பதற்கு விடை. இம்மூன்றையும் மறைத்துக்கொண்டு கூறப்படும் எந்த வரலாறும், அது எவ்வளவு உருக்கமானதாயினும், ஐயத்துக்குரியதே.

2. குன்றத்தூர் தந்த வரலாற்றாசிரியர்

சென்னையின் மேற்கே பூந்தமல்லிக்குத் தெற்கில், சில கல் தொலைவில் குன்றத்தூர் இருக்கிறது. பெரியபுராணம் என்று நாம் வழங்கும் திருத்தொண்டர் புராணத்தை இயற்றிய சேக்கிழார் இவ்வூரினர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கியவர் என்பது மரபு. அரசன் சீவகசிந்தாமணியின் காவியச் சுவையில் ஆழ்ந்திருந்தபோது, உண்மையில் வாழ்ந்த அடியார்களின் வரலாறுகளை நோக்கி அவனைத் திருப்பினார் சேக்கிழார் என்று, அவர் வாழ்வைப் பாடிய உமாபதி சிவாச்சாரியார் குறிப்பிடுகிறார். புனைந்த காவியத்துக்கு மாற்றாக மெய்வாழ்வின் வரலாறு என்னும் எண்ணமே இந்நூலின் பிறப்புக்குக் காரணமாகச் சொல்லப்படுவது நம் கவனத்துக்குரியது.

சேக்கிழார் தம் ‘வழி’யை மறைக்கவில்லை. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையைப் பதிகமாகவும், நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியை அதன் வழிநூலாகவும் கொண்டு தாம் விரித்துரைப்பதாக அவர் தெளிவாக்குகிறார். முன்னது 11 பாடல்களில் அடியாரின் பெயர்களை நிரல்படுத்துகிறது. பின்னது அவற்றுக்குச் சுருங்கிய விளக்கம் தருகிறது. சேக்கிழாரோ 4,000க்கும் மேற்பட்ட பாடல்களில் அவற்றை வாழ்க்கைகளாக்குகிறார். அமைச்சர் என்ற நிலையில் பல ஊர்களையும் நேரில் கண்டு செய்தி திரட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது என்று ஆய்வாளர் மா. இராசமாணிக்கனார் கருதுகிறார்.

அவையடக்கத்தில் அவர் கூறுவது இன்னும் ஆழ்ந்தது. அடியாரின் பெருமைக்கு அளவில்லை. அதனை அளவிட்டுக் கூற இயலாது. ஆயினும் தம் ஆசையும் அளவற்றதாய்த் தம்மை உந்துவதால் கூறத் துணிவதாக அவர் அறிவிக்கிறார். கடலைக் குடித்துவிட விரும்பும் நாய்க்குத் தம்மை ஒப்பிடுகிறார். இது வெறும் பணிவுரையன்று. பிறனொருவனின் வாழ்வை முற்றும் அறிந்துவிட்டேன் என்று எவரும் சொல்ல இயலாது என்னும் உண்மையை எழுதத் தொடங்குமுன்னரே ஒப்புக்கொள்வதாகும்.

சேக்கிழார் பாடிய அடியாருள் ஒருவரான பூசலார் இதே வட்டாரத்தினர். ஆவடிக்கு மேற்கே இருப்புப்பாதையில் அமைந்த திருநின்றவூரில் வாழ்ந்தவர். கோயில் எழுப்பப் பொருளின்றி, தம் மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் குறித்துக் கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னன் அதே நாளைத் தன் குடமுழுக்குக்குக் குறித்திருந்தான். திருநின்றவூர் அன்பனின் கோயிலில் அன்று புக இருப்பதாக இறைவன் கனவில் உணர்த்தினான் என்றும், மன்னன் தேடிவந்தபோது ஊரில் கோயில் எதுவும் இல்லை என்றும் வரலாறு கூறுகிறது.

இதனைக் கிறிஸ்தவ வாசகர் எவ்வாறு மதிப்பிடினும், வரலாற்றுக் கலைக்கு இதில் ஓர் அரிய பாடம் உண்டு. மன்னனின் கோயிலுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. பூசலாரின் கோயிலுக்கோ அவர் வாழ்வைச் சொன்னவரின் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. எடுத்துரைப்பார் இல்லையேல், மனத்தின் உழைப்பு உலகில் தடமின்றி மறைந்துபோம். மெய்வரலாற்றாசிரியரின் பணி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேடவேண்டியதில்லை.

3. லூக்காவும் அவர் போன்ற பிறரும்

பாயிர இலக்கணத்தை மனத்திற்கொண்டு லூக்கா நற்செய்தியின் முதல் 4 வசனங்களை நோக்கினால் வியப்பு மிகும். தமக்கு முன்னரே பலர் எழுத முற்பட்டதை அவர் ஒப்புக்கொள்கிறார். தொடக்கமுதல் கண்ணாரக் கண்டு வசனத்துக்கு ஊழியரானவர்கள் ஒப்புவித்ததே தம் ஆதாரம் என்கிறார், இது ‘வழி’. தாம் அனைத்தையும் ஆதிமுதல் கவனமாய் விசாரித்ததாகவும் ஒழுங்குபடுத்தி எழுதுவதாகவும் கூறுகிறார். இது நூல்செய் முறை. தெயோப்பிலு என்பவரை விளிக்கிறார், இது ‘கேட்போர்’. அவர் கற்றுக்கொண்டவற்றின் நிச்சயத்தை அறியவேண்டும் என்கிறார், இது ‘பயன்’. செய்தவர் பெயர் ஒன்றே விடுபட்டுள்ளது. லூக்கா என்னும் பெயர் திருச்சபை மரபு வழங்கியது. ஆசிரியர் தம்மை முன்னிறுத்தவில்லை.

தாம் கண்ணால் கண்டவர் என்று அவர் உரிமை பாராட்டவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. கண்டோர் வேறு, கேட்டு விசாரித்து எழுதுவோர் வேறு. இவ்வேறுபாட்டை அவர் கலக்கவிடவில்லை. யாரோ ஒருவர்க்கு நேர்ந்ததைத் தமக்கே நேர்ந்ததாக மாற்றிச் சொல்லும் வழக்கம் அருளுரையாளரிடையே முற்றிலும் இல்லாததன்று. அத்தகையோர்க்கு லூக்காவின் முன்னுரை மௌனமான கண்டனமாகும்.

யோவான் நற்செய்தியின் முடிவில் வேறொரு பொறுப்பு வெளிப்படுகிறது. இயேசு செய்த வேறு பல அடையாளங்கள் இந்நூலில் எழுதப்படவில்லை என்றும், எழுதப்பட்டவை விசுவாசத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை என்றும் ஆசிரியர் அறிவிக்கிறார். விடுபட்டவை உண்டு என்று சொல்வது வரலாற்றின் நேர்மை. எந்த நோக்கத்தால் தெரிந்தெடுத்தேன் என்று சொல்வது அதனினும் பெரிய நேர்மை.

மக்கபேயரின் இரண்டாம் நூல் நம் வேதாகமப் பட்டியலில் இடம்பெறாததாயினும், அதன் ஆசிரியர் தம் தொழிலைக் குறித்துப் பேசுவது சுவையானது. சிரேனே ஊர் யாசோன் ஐந்து நூல்களில் எழுதியதை ஒன்றாகச் சுருக்குவது வியர்வையும் கண்விழிப்பும் வேண்டும் பணி என்கிறார். புதுவீட்டின் அமைப்பு முழுவதையும் கருதவேண்டிய கட்டடக் கலைஞனுக்கும் அதற்கு வண்ணம் தீட்டுவோனுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டித் தம்மைப் பின்னவனுக்கு ஒப்பிடுகிறார். நூலின் இறுதியில், தண்ணீர் கலந்த திராட்சரசம் இனிமை பயப்பதுபோல் நன்கு அமைந்த வரலாறு கேட்போர் செவிக்கு இன்பம் தரும் என்கிறார். வரலாறு இனிமையாக இருப்பதில் இவருக்குக் கூச்சமில்லை. இனிமை குற்றமன்று, இனிமைக்காக உண்மையை விலையாகக் கொடுப்பதே குற்றம்.

4. நந்தனார் வரலாறு: ஆற்றலும் வினாவும்

இவ்விடத்தில் ஒரு கடினமான வழக்கை எதிர்கொள்வோம். திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பாடியுள்ளார். அவர் பாடலில் நந்தனாரைத் தடுத்து அலைக்கழிக்கும் பண்ணையார் எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது, சிதம்பரம் செல்ல விடைகொடுக்க மறுக்கும் வேதியர் என்னும் நிலக்கிழாரை அதில் சேர்த்தார். இசைவழியும், பிற்காலத்தில் நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் வழியும் இக்கதையே நாடெங்கும் பரவியது. சேக்கிழார் வரலாறும் இதுவே என்று நம்புவோர் இன்றும் பலர்.

இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகிய செய்தியை உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பெரியபுராணத்தினின்று மாறுபட்டதாலும் இலக்கண வழுக்கள் இருந்ததாலும் பிள்ளையவர்கள் நெடுநாள் இசையவில்லை. ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து அக்கீர்த்தனைகளைத் தாமே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உள்ளமுருகிப் பாயிரம் அளித்தார் என்பது வரலாறு.

இங்கு நேர்ந்தது யாது? மூலத்தின்பாற்பட்ட பற்று ஒருபுறம். கதையின் ஆற்றல் மறுபுறம். இறுதியில் கதையே வென்றது. இதனை எளிதில் பழிக்கவும் இயலாது. மூலத்தில் இல்லாத அந்தப் பண்ணையார் 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சை வயல்களில் இருந்தார். பண்ணையடிமை முறையின் கொடுமையைப் பாரதியார் புனைவின் வாயிலாகக் காட்டினார். தாவீதின்முன் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டியின் கதையும் நடந்த நிகழ்ச்சியன்று. ஆயினும் அது அரசனின் உண்மையை அவனுக்கே காட்டியது.

எனவே புனைவுக்கும் உண்மை உரைக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் நாத்தான் தன் கதையின் முடிவில் திரையை விலக்கிவிட்டான். ‘நீயே அம்மனிதன்’ என்னும் கருத்தால், சொன்னது உவமை என்பதைத் தாவீது உணர்ந்தான். புனைவு புனைவென்று அறியப்படும்வரை அது உவமை. சரித்திரம் என்னும் பெயரைத் தாங்கியவுடன் அது சான்றாக மாறுகிறது. சான்றுக்குரிய கடமைகளும் அதைப் பற்றிக்கொள்கின்றன.

5. அறிக்கைகளும் அவற்றின் வாசகரும்

கேட்போர் யார் என்பது வரலாற்றை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதற்குத் தரங்கம்பாடி மிஷன் சான்றாகும். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்தோரும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1710 முதல் அங்கே அச்சிடப்பட்டன. தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றுக்கு அவை பெருங்கருவூலம். எனினும் அவை மிஷனைத் தாங்கிய நன்கொடையாளர்க்காகத் தொகுக்கப்பட்டவை. அச்சேறுமுன் ஹாலேயில் திருத்தமும் நீக்கமும் பெற்றவை. சீகன்பால்கு 1713இல் முடித்த, தமிழர் தெய்வங்களைப் பற்றிய நூல் அங்கே அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. உபதேசியார் பலரின் உழைப்பு, மிஷனெரிகளின் எழுதுகோல் வழியாகவே பெரும்பாலும் நமக்குக் கிட்டுகிறது.

காணிக்கையைத் தூண்டும் நோக்கம் வரலாற்றைக் கூர்மையாக்கவும் கூடும், கோணலாக்கவும் கூடும். இன்றும் ஊழியச் செய்தி மடல்களை எழுதுவோர் இந்த எச்சரிக்கையைக் கருதுவது நலம்.

6. தன் வாழ்வைத் தானே எழுதுதல்

பிறர் வரலாற்றை எழுதுவோர்க்குள்ள கடமைகள் தன் வரலாற்றை எழுதுவோர்க்கும் உண்டு. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையால் 1899ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. தம் பெருமையைச் சொல்லவேண்டிய நூலில் பெரும்பகுதியை அவர் தம் ஆசிரியர்க்கும், ஏடு காத்தோர்க்கும், உணவளித்தோர்க்கும் வழங்கியிருப்பது கற்போர் எவருக்கும் புலனாகும். தன் கதை தன்னால் மட்டும் ஆனதன்று என்னும் அறிவே அந்நூலின் அழகு.

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ வேறுவகையான துணிவு கொண்டது. துறவற சபையிலிருந்து வெளியேறிய பின்னர்த் தம் காயங்களை ஆற்றிக்கொள்ளும் வழியாக எழுத்து அமைந்தது என்று அவரே கூறியிருக்கிறார். பனைமட்டையின் இருபுறத்துக் கூர்மையையும், எபிரெயர் நிருபத்தில் தேவவசனத்துக்கு உவமையாகும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தையும் அவர் முன்னுரையில் இணைத்து நோக்குகிறார். திருச்சபைக்குள் நிலவும் சாதிக் கொடுமையை அந்நூல் வெளிப்படுத்தியது. அதேவேளை ஊராரின் வாழ்வும் அதில் இடம்பெற்றதால், தொடக்கத்தில் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு எழுந்தது. தன் கதையைச் சொல்வோர் தம்மைச் சுற்றியுள்ளோரின் கதையையும் சொல்லிவிடுகின்றனர். அவர்கள் அதற்கு இசைந்தனரா என்பது எளிய வினாவன்று.

1970களில் மேனாட்டு இறையியலாளர் கதைவடிவின் சிறப்பை மீண்டும் உணர்ந்தனர். 1974இல் ஹான்ஸ் ஃப்ரை வேதாகமத்தின் கதைத்தன்மை மறைந்துபோனதை ஆராய்ந்தார். அதே ஆண்டில் ஜேம்ஸ் மக்கிளெண்டன், மார்ட்டின் லூதர் கிங் போன்றோரின் வாழ்க்கை வரலாறே இறையியலாக அமையும் என்று எழுதினார். சென்னைக் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஆர்விந்த் நிர்மல், 1980களில் தலித் இறையியலுக்கு அடிகோலியபோது, உபாகமம் 26இல் இஸ்ரவேலன் முதற்கனியோடு அறிக்கையிடும் முன்னோர் வரலாற்றையே முன்மாதிரியாகக் கொண்டார். விசுவாச அறிக்கை கோட்பாடாகத் தொடங்கவில்லை. துன்புற்றோர் தம் வரலாற்றைச் சொன்னதாகவே தொடங்கிற்று என்பது அதன் உட்பொருள்.

7. நம் சபைகளின் கடமை

இவ்வாராய்ச்சியின் பயன் சென்னையின் மேற்குப் புறநகர்ச் சபைகளில் வெளிப்படையாகத் தெரியும். 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்ம மாதிரிச் சமுதாயத்தை இலட்சியமாக ஏற்றது. 1960களில் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. தொலை மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் குடியேறின. வீட்டு ஜெபக்கூட்டங்கள் சபைகளாயின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. இம்மாற்றங்களுக்கு அரசாணைகள் சான்று. ஆனால் இரவுப்பணி முடித்து நேரே ஆராதனைக்கு வந்த கடைசல் தொழிலாளியின் விசுவாசத்துக்கு எது சான்று? பட்டறை மூடப்பட்ட ஆண்டில் கடன்பட்டும் காணிக்கை தவறாத விதவையின் போராட்டத்துக்கு எது சான்று?

நம் சபைகளின் ஆண்டுவிழா மலர்களை நோக்கினால், அடிக்கல் நாட்டிய நாள், பிரதிஷ்டை செய்த பேராயர், பணியாற்றிய ஆயர்களின் வரிசை ஆகியவை தவறாது இடம்பெறுகின்றன. அவை மன்னன் எழுப்பிய கற்கோயிலின் வரலாறு. மனத்தில் கட்டப்பட்ட கோயிலின் வரலாறோ எழுதப்படாமலே அடக்கப் பதிவேட்டோடு முடிந்துவிடுகிறது. முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில் அவற்றைக் கேட்டு எழுதுவது இறையியல் மாணவரின் களப்பணியாக வேண்டும்.

எழுதுமுறையில் ஐந்து நெறிகளை முன்வைக்கலாம். முதலாவது, கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுக, ‘வழி’யை மறைக்கற்க. இரண்டாவது, ஒரே நிகழ்ச்சியை இருவர் வேறுவேறாக நினைவுகூர்ந்தால் இரண்டையும் பேணுக. திருச்சபை நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக்கிவிடாமல் நான்காகவே காத்தது. மூன்றாவது, எழுதியதை உரியவரிடமே படித்துக்காட்டி இசைவு பெறுக. அருளுரையில் எடுத்தாளும்போதும் இதுவே முறை. ஆயரிடம் தனிமையில் சொல்லப்பட்டது மேடைக்குரிய பொருளன்று.

நான்காவது, முடிவைத் திருத்தற்க. நம் சாட்சிக் கூட்டங்களில் நோய் நீங்கினால்தான், வேலை கிடைத்தால்தான் சாட்சி நிறைவுறுவதாகக் கருதப்படுகிறது. அதனால் நோய் நீங்காதோர் வாயடைத்து அமர்ந்திருக்கின்றனர். சிலர் இல்லாத முடிவைச் சேர்த்தும் கூறுகின்றனர். 88ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள் அஞ்சியோடிய பெண்களோடு நின்றுவிடுகின்றன. வேதாகமமே தாங்கிக்கொள்ளும் முற்றுப்பெறாமையை நம் சபைகள் தாங்க இயலாதா? ஐந்தாவது, சேக்கிழாரின் அவையடக்கம். பிறர் வாழ்வு கடல். நாம் முகந்தது கையளவு என்னும் உணர்வு எழுதுவோரைவிட்டு நீங்கற்க.

இந்நெறிகள் கதையின் ஆற்றலைக் குறைத்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். உண்மையில் அவையே அதனைக் காப்பவை. மிகைப்படுத்திய சாட்சி ஒன்று வெளிப்பட்டால், கேட்டவர் அதனை மட்டும் ஐயுறுவதில்லை. அடுத்து வரும் மெய்யான சாட்சியையும், அதனூடே சுவிசேஷத்தையுமே ஐயுறுகின்றனர். தெயோப்பிலுவுக்கு லூக்கா தர விரும்பியது நிச்சயம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம்முன் அமர்ந்திருக்கும் தெயோப்பிலுக்களுக்கு நாம் கடன்பட்டிருப்பதும் அதுவே.